இரண்டு பேர் கணக்கு

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், மோகனூர், பரமத்தி என்று எந்தச் சாலையில் போனாலும் மின்கம்பத்திலோ நிழற்குடைச் சுவரிலோ ஒரே மாதிரி நோட்டீஸ் கண்ணில் படும். கோழிப்பண்ணையில் குடும்பத்துடன் தங்கி வேலை செய்யக் கணவன் மனைவி தேவை. வீடு, தண்ணீர், கரண்ட் இலவசம். கீழே செல்பேசி எண். தனியாளைக் கேட்கும் நோட்டீஸ் அபூர்வம். தனியாள் சம்பளம் வாங்கிய கையோடு கிளம்பிவிடுவான், குடும்பஸ்தனுக்குக் கால்கட்டு உண்டு என்பது பண்ணைக்காரர்களின் கணிப்பு. கணவன் மனைவி கிடைக்காத இடத்தில் அண்ணன் தம்பியாகவோ ஒரே ஊர்ச் சிநேகிதர்களாகவோ இரண்டு பேர் வந்தாலும் சரி. ஆள் கணக்கு இரண்டில் இருந்துதான் தொடங்குகிறது.

ஜான் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலில் இதற்கு நேர்மாறான ஒரு கட்டம் வருகிறது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்கு இரண்டு கூலியாட்கள் சேர்ந்து வேலை கேட்டு வருகிறார்கள். பண்ணை முதலாளிக்கு அதுவே உறுத்துகிறது. ஒருவன் இன்னொருவனுக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறானே, அவன் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறானோ என்று கேட்கிறார். ஸ்டைன்பெக் தானே அப்படிப்பட்ட பண்ணைகளில் கூலி வேலை பார்த்தவர் என்பதால் அந்தச் சந்தேகத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. அறுவடை நடக்கும் சில வாரங்களுக்கு மட்டும் ஆள் தேவைப்பட்ட பொருளாதாரம் அது. வேலை முடிந்ததும் கலைந்துபோகிற தனியாட்கள்தான் அதற்குச் சௌகரியம். நாமக்கல்லின் முட்டைக் கோழிக்கு அறுவடைக் காலம் கிடையாது. ஏறக்குறைய இருபதாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி, எழுபத்திரண்டு வாரம், எண்பது வாரம் தாண்டிக் கழிக்கப்படும்வரை இட்டுக்கொண்டே இருக்கும். பொங்கலும் தீபாவளியும் அதற்குத் தெரியாது. ஆகவே ஆள் போகக் கூடாது. ஒருவரைப் போகவிடாமல் வைத்திருக்க இன்னொருவர் வேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்த விவசாயக் கூலிகளின் நட்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை வேலைக்கு வெளியே கிடைக்கும் ஆறுதலாகவே பெரும்பாலும் சித்திரிக்கிறார்கள். உழைப்பு கொடுமையானது, நட்பு இனிமையானது என்று இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துவிடுகிறோம். சேலம், நாமக்கல் சமவெளியின் நூறாண்டுக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் அப்படிப் பிரிக்க வழியில்லை. இங்கே வேலை ஒப்பந்தத்துக்கு ஜாமீனாக நிற்பதே நட்பும் உறவும்தான். கனவுகள் கருகுவதற்கும் அந்த ஜாமீனுக்கும் தொடர்பு இருக்கிறது.

கதையின் முற்பகுதியில் இந்தச் சமவெளி ஆட்களை அனுப்பும் இடமாக இருந்தது. இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய நாட்களில் திருச்சியும் சேலமும் முன்வரிசையில் நின்ற மாவட்டங்கள். தோட்டத்துரைகள் 1904இல் திருச்சியைத் தலைமையிடமாக வைத்து ஒரு தொழிலாளர் ஆணையத்தையே அமைத்தார்கள். ஆனால் ஆளைப் பிடித்தது ஆணையம் அல்ல, கங்காணி. அவர் தோட்டத்தில் இருந்து பணத்தோடு சொந்த ஊருக்கு வருவார். சொந்தக்காரர்கள், சாதிசனம், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் என்று தனக்குத் தெரிந்தவர்களிடம்தான் பேசுவார். பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் முன்பணம் கொடுப்பார். தோட்டம் போய்ச் சேரும்போது ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கடன் ஏறியிருக்கும். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியும் தன் குடும்பமும் சிநேகிதர்களும் அடங்கிய சிறு குழுவுக்குத் தலைவர். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

இந்த அமைப்பின் நுட்பம் 'துண்டு' முறையில் தெரியும். ஒரு கூட்டத்தின் மொத்தக் கடனைக் கட்டினால் அவர்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய துரை பழைய கடனை அடைத்துவிட்டுக் கூட்டத்தை வாங்கிக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும். முதலாளி மட்டும் மாறுவார். கை மாறக் கை மாறக் கடன் ஏறியதும் உண்டு. தனியொருவன் தன் பங்கைத் தீர்த்துக்கொண்டு ஊர் திரும்ப நினைத்தால் கூட்டத்தின் கணக்கில் இருந்து தன்னைப் பிய்த்து எடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருப்பதோ அவனுடைய மாமனும் மச்சானும் ஒன்றாகக் கப்பலேறியவர்களும். 1921இல் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. முன்பணமும் அதைத் தெரிந்தவன் வழியாகக் கொடுக்கும் வழக்கமும் சட்டத்தைத் தாண்டி நின்றன.

ஊரில் இருந்தவர்களின் நிலையும் சொல்லும்படி இல்லை. கொங்குப் பகுதியின் பெரிய காடுகளில் அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் இருந்தன. வருஷக் கூலி பேசி முன்பணம் வாங்கிக்கொண்டு பையன்களை ஆடு மேய்க்க விடுவார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) திருச்செங்கோட்டுப் பக்கத்து வறண்ட காட்டில் அப்படி விடப்பட்ட சிறுவர்களைப் பற்றியது. வீட்டைப் பிரிந்து அடுத்தவர் பட்டியில் தூங்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியில் ஒருவருக்கொருவர்தான் துணை. பண்ணையக்காரர் வீட்டுப் பையனோடும் ஒரு சிநேகம் வளர்கிறது, சேர்ந்து விளையாடுகிறார்கள். அந்தச் சிநேகத்துக்குள் யார் ஆண்டான், யார் ஆள் என்பது மெல்ல மெல்லத் தலைகாட்டும் விதம்தான் நாவலின் வலி. சில கிலோமீட்டர் தள்ளி விடப்பட்ட அந்தப் பையனும் ஒரு புலம்பெயர் தொழிலாளிதான் என்று எனக்குப் படுகிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் அவன் அப்படிப் பதிவாவதில்லை.

பண்ணையம் இற்றுப்போன விதத்தை ஆய்வாளர் ஜூடித் ஹேயர் பக்கத்துக் கோவை மாவட்டக் கிராமங்களில் கவனித்தார். 1981–82இல் தொடங்கி 1996இலும் 2008–09இலும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தவர் அவர். சுற்றிலும் ஆலைகள் வளர்ந்தன. ரேஷன் அரிசியும் சத்துணவும் பண்ணையக்காரரின் கையை எதிர்பார்க்கும் தேவையைக் குறைத்தன. பண்ணையாட்கள் குறைந்துகொண்டே போனார்கள். நாமக்கல் பக்கத்திலும் போக்கு அதுவே. காட்டைவிட்டு வந்தவர்களுக்குக் குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடங்கள் இருந்தன, லாரி இருந்தது, திருச்செங்கோட்டு ரிக் வண்டி இருந்தது. ரிக் வண்டியோடு போன பையன்கள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மாதக்கணக்கில் வண்டிக்கு அடியிலேயே தூங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இங்கிருந்து வடக்கே போன அதே ஆண்டுகளில் வடக்கில் இருந்து இங்கே ஆள் வரத் தொடங்கியது. மொழி தெரியாத ஊரில் இரும்புத் தகட்டின் சூட்டில் படுத்தெழுந்த அனுபவம் இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. தன் பண்ணைக்கு வந்திருப்பவனிடம் அதைத் தன் கதையாகவே அவர்கள் அடையாளம் கண்டிருக்கலாம். அப்படிக் கண்டதற்கான அறிகுறி எனக்கு அதிகம் தென்படவில்லை.

தறிக்கூடங்களில் முன்பணத்துக்குப் பெயர் பாக்கி. 1990களின் நடுவில் குமாரபாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கெர்ட் டி நீவ் அதைப் பற்றி எழுதியதில் ஒரு திருப்பம் உண்டு. பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறு என்று முதலாளிகள் நினைத்துக் கொடுத்தார்கள். ஆள் தட்டுப்பாடு வந்ததும் தொழிலாளர்கள் பாக்கி கொடுத்தால்தான் வருவோம் என்று கேட்கத் தொடங்கினார்கள். வாங்கிக்கொண்டு இன்னொரு கூடத்துக்கு ஓடியவர்களும் உண்டு. பிறகு பாக்கியை எப்படி ஒழிப்பது என்று முதலாளிகளே கூடிப் பேச வேண்டியதாயிற்று. கயிற்றின் மறுமுனையும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. ஆனால் குமாரபாளையத்துத் தொழிலாளி உள்ளூர்க்காரர். அடுத்த தெருவில் அடுத்த கூடம் இருந்தது, ஓடினால் ஒளிந்துகொள்ளச் சொந்தம் இருந்தது. மேற்கு ஒடிசாவின் பலாங்கீரில் இருந்து வந்தவருக்கு அடுத்த தெரு எங்கே இருக்கிறது?

தன்பாத்–ஆலப்புழை விரைவு ரயில் ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், திட்லாகட் வழியாக ஒடிசாவைக் கடந்து, ஆந்திரக் கரையோரமாக இறங்கி, சேலம் வருகிறது. சேலத்திலும் ஈரோட்டிலும் இறங்கும் கூட்டத்தில் இருவர் இருவராக, ஐந்தாறு பேராகத் தோளில் பையோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். மேற்கு ஒடிசாவில் இப்படி முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் வழக்கத்துக்குத் தாதன் என்று பெயர். ஆள் பிடிக்கும் சர்தார், புது நெல்லைப் படைக்கும் நுவாக்காய் திருவிழாவை ஒட்டிப் பணத்தோடு வருவார். ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் அந்தத் திருவிழாவுக்குப் புதுத்துணியும் விருந்தும் வேண்டும். அதற்குக் கையில் காசு இல்லாத வீடுகள் அதிகம். 1975இலேயே ஒடிசா அரசு தாதன் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1979இன் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் அதைப் பின்தொடர்ந்து வந்ததே.

அந்தப் பகுதியின் நட்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சத்தீஸ்கரிலும் அதையொட்டிய மேற்கு ஒடிசாவிலும் சிநேகிதம் என்பது வெறும் பழக்கம் அல்ல, சடங்கு வைத்துச் செய்துகொள்ளும் உறவு. பூரி ஜகந்நாதர் கோயில் பிரசாதத்தை இருவர் பரிமாறிக்கொண்டால் அன்றுமுதல் அவர்கள் ஒருவருக்கொருவர் 'மகாபிரசாத்'. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மகாபிரசாத் என்றே அழைப்பார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்திலும் சாவிலும் மற்றவர் உடன்பிறந்தவரின் இடத்தில் நிற்க வேண்டும். சாதி தாண்டியும் இந்த உறவு ஏற்படலாம். பெண்களுக்கு 'போஜலி' உண்டு: கூடையில் வளர்த்த தானிய முளைகளை, நம் ஊர் முளைப்பாரியைப் போல, ஆற்றுக்குக் கொண்டுபோய், அவற்றைப் பரிமாறிக்கொண்டு ஆயுட்காலத் தோழிகள் ஆவார்கள். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த வழக்கங்களை விரிவாக எழுதியிருக்கிறார். நம் பண்ணை முதலாளி, ஒடியாவும் சந்தாலியும் பேசுகிறவர்களையும் சேர்த்து 'இந்திக்காரங்க' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார். தன் கொட்டகையில் படுத்திருக்கும் இருவருக்கு இடையே சாதியைத் தாண்டிய சடங்குபூர்வமான உடன்பிறப்பு இருக்கக்கூடும் என்பது அவருக்கு எட்டாது. சாதி தாண்டிய சிநேகத்துக்கு நம் பக்கத்தில் சடங்கு எதுவும் கிடையாது. நாவல்தான் உண்டு, அதுவும் முறிவின் நாவல்.

அந்த ஆழமான உறவுதான் சர்தாருக்குப் பத்திரம். எழுத்து, கையொப்பம், சாட்சி எதுவும் தேவையில்லை. ஓடிப்போனால் மகாபிரசாத்தின் தலையில் கடன் விழும் என்பது போதும்.

பண்ணைக்குள் நாள் எப்படிப் போகிறது? விடியற்காலையில் தீவனம் போட வேண்டும்; தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும்; கூண்டு வரிசைகளுக்கிடையே நடந்து முட்டை பொறுக்கி, முப்பது முட்டைக்கு ஒரு அட்டை என்று அடுக்க வேண்டும்; செத்த கோழியை அன்றன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும்; கோடையில் செட்டுக் கூரைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒரு ஜோடி. வேலையின் கனத்தைவிட அதன் இடைவிடாத தன்மைதான் ஆளைத் தின்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் அத்தனை நாளுக்கும் இன்னொரு ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்; பெரும்பாலும் அதுவும் சொந்தக்காரரோ சிநேகிதரோதான்.

இங்கே ஒரு முரண் உண்டு. கிராமத்து ஏழைக் குடும்பத்தின் கனவுகளில் மிகச் சிறியது நாலு கோழி வளர்ப்பது. பறவைக் காய்ச்சல் பயத்தால் வணிகப் பண்ணைகளுக்கு வகுக்கப்பட்ட உயிர்ப் பாதுகாப்பு நெறிமுறைகள் பண்ணையாட்கள் சொந்தமாகக் கோழி வளர்ப்பதைத் தடுக்கின்றன. வெளியாட்களோடு கலப்பதையும் குறைக்கச் சொல்கின்றன. நோய்த் தடுப்பு நோக்கில் அது சரியான விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளைவு என்னவென்றால், நாளுக்குப் பல கோடி முட்டை புறப்படும் மாவட்டத்தில் அவற்றைப் பொறுக்குகிறவர்கள் ஒரு பெட்டைக்கோழிகூடத் தமதென்று வைத்துக்கொள்ள முடியாது. வேலிக்கு வெளியே ஊரும் அவர்களுக்குக் கிடையாது.

கனவு என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அவற்றுக்குள் இருக்கும் விகிதத்தைக் கவனித்தால் போதும். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய்; வரும்போது வாங்கிய முன்பணம் 60,000. சாப்பாட்டுக்கு 8,000 போகிறது. ஊரில் பெற்றவர்களுக்கும் விட்டுவந்த பிள்ளைக்கும் 8,000. முன்பணத்தில் 5,000 கழிகிறது. செல்பேசி, மருந்து, சோப்பு, பீடி என்று 2,000. மிச்சம் 1,000. முன்பணம் தீர ஒரு வருஷம் ஆகிறது. வருஷக் கடைசியில் கையில் 12,000. ஊர்ப் பயணம், நுவாக்காய் செலவு, கூரைக்குப் பத்து ஓடு. கை காலி. மறுபடி 60,000. இதில் ஒரு டைஃபாய்டு வந்தால், ஒரு தங்கைக்கு நிச்சயமானால், கணக்கு ஒன்றரை வருஷமாகிறது. சோம்பேறித்தனமோ ஊதாரித்தனமோ இங்கே எதுவும் இல்லை. கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: கனவு இல்லாவிட்டால் இந்தச் சக்கரம் சுற்றாது. ஊரில் ஒரு காங்கிரீட் வீடு, அரை ஏக்கர் நிலம், ஒரு பெட்டிக்கடை என்ற நினைப்புதான் இரண்டாம் முறையும் ரயிலேற வைக்கிறது. அந்த வகையில் நிறைவேறாத கனவும் முதலாளிக்கு ஒரு மூலப்பொருள்.

கரும்பில் கதை வேறு. பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கம் காவிரி வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கும் பூமி. கரும்பு ஆலைக்குப் போகாமல் வெல்லமாக மாறும் கொட்டகைகள் அங்கே ஏராளம். கரும்பை அரைத்துப் பாலெடுத்து, கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையை எரித்தே காய்ச்சி, அழுக்கை எடுத்து, பாகு பதம் வந்ததும் இறக்கி அச்சிலோ உருண்டையிலோ வார்த்து, 30 கிலோ சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு அனுப்ப வேண்டும். பதம் பார்ப்பது பழகிய கைக்குத்தான் வரும். அனலின் முன்னால் நிற்கும் மற்ற வேலைகளுக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிதாகி, ஒடிசா, பீகார் இளைஞர்கள் வந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள், கூட்டமாக. கொட்டகையோரம் ஒரு தகர அறை. வேலை, சமையல், தூக்கம் எல்லாம் அங்கேயே.

2023 மார்ச் மாதம் ஜேடர்பாளையம் அருகே ஆடு மேய்க்கப் போன ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். காவல்துறை 17 வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்தது. ஊரில் ஒரு சாராரின் சந்தேகம் வெல்ல ஆலைகளில் தங்கியிருந்த வடமாநிலத்தவர் பக்கம் திரும்பியது. கொட்டகைகளும் வண்டிகளும் எரிந்தன. இரவோடிரவாகப் பாக்கு, வாழை மரங்கள் வெட்டப்பட்டன. மே மாதம் சரளைமேட்டில், தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த அறைக்குத் தீ வைக்கப்பட்டது. ஒடிசா இளைஞர்கள் நால்வருக்குத் தீக்காயம். சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் இறந்தார்.

அதே மார்ச்சில்தான் தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது. அந்தக் காணொளிகள் போலி என்று நிறுவுவதில் நாம் காட்டிய வேகம் நியாயமானது. ஜேடர்பாளையம் போலி அல்ல. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாமக்கல் மாவட்டப் பக்கச் செய்தியோடு நின்றது. எனக்கு இதில் உறுத்துவது அந்தத் தகர அறையின் அமைப்பு. கொட்டகையில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே கொப்பரையைச் சுற்றி நிற்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒருவர் ஊருக்குள் போகிறார், மற்றவர் அறைக்குள் போகிறார். சேர்ந்து சாப்பிட, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போக, சண்டை போட்டுச் சமாதானமாகக்கூட வாய்ப்பில்லை. ஒரு கொலை நடந்த மறுநாள், 'இவன் அப்படிப்பட்டவன் இல்லை, எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஊருக்குள் ஒரு சிநேகிதன் வேண்டும். அந்தச் சிநேகிதன் உருவாகாதபடிதான் வேலையும் தங்குமிடமும் அமைந்திருக்கின்றன. ஒன்றாகத் தூங்கியவர்கள் ஒன்றாகவே எரிந்தார்கள்.

கூட்டமாகப் போவதன் விலையை இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளில் மானாவாரிச் சாமையும் மரவள்ளியும் போட்டுவிட்டுக் கேரள மிளகுத் தோட்டத்துக்கும் குடகுக் காப்பித் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள். மரம் வெட்டினால் நாளைக்குப் பல மடங்கு கூலி என்ற அழைப்பு தெரிந்தவர் வழியாகத்தான் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டியவர்கள் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. முந்தைய நாள் பேருந்தில் இருந்து தங்கள் கூட்டத்தாரைப் போலீஸ் இறக்கிக் கொண்டுபோனதாகத் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தப்பியது எப்படியென்றால், பேருந்தில் தன் ஆட்களோடு உட்கார இடமில்லாமல் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணோடு வந்தவர் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

நட்பு காப்பாற்றாது என்று இதை வைத்து முடிவு கட்ட மாட்டேன். 2020 ஊரடங்கில் வீடு நோக்கி நடந்தவர்களைப் பற்றி நாம் அறிந்த கதைகளில் பாதி, யாரோ ஒருவர் யாரோ ஒருவரை விட்டுப் போகாத கதைதான். சூரத்தில் இருந்து உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்துக்குத் திரும்பிய இரு நண்பர்களில் ஒருவர் தலித், மற்றவர் முஸ்லிம். காய்ச்சலில் விழுந்தவரை லாரியில் இருந்து இறக்கியபோது மற்றவரும் இறங்கி, நெடுஞ்சாலையோரம் அவரை மடியில் கிடத்திக்கொண்ட புகைப்படத்தை நாடே பார்த்தது. பஷாரத் பீர் அதை எழுதினார். நீரஜ் கெய்வான் 'ஹோம்பவுண்ட்' என்று படமாக்கினார். அதே ஊரடங்கின் முதல் வாரங்களில், மகாராஷ்டிரத்தில் இருந்து தோழர்களோடு நடந்து வந்த நாமக்கல் இளைஞர் ஒருவர் செகந்திராபாத் முகாமில் சுருண்டு விழுந்து இறந்தார். அவரைப் பற்றிப் படம் இல்லை.

கூட்டத்தை ஆயுதமாக்கிய இடங்களும் உண்டு. மேற்கு வங்கத்தின் பர்தமான் நெல் வயல்களுக்கு வரும் புருலியாத் தொழிலாளர்களை பென் ரோகலியும் அவரது சகாக்களும் ஆராய்ந்தபோது, பேருந்து நிலையங்களே ஆள் சந்தையாக இயங்குவதைக் கண்டார்கள். ஊர்க்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். விவசாயிகள் அவர்களைத் தேடி வருவார்கள். கூலி படியவில்லை என்றால் கூட்டம் அசையாது. அங்கே சேர்ந்து நிற்பது பேரத்துக்கு உதவியது, ஏனென்றால் பேரம் முடியும்வரை யாரும் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. நாமக்கல் பண்ணைக்கு வருகிறவர்கள் பேரம் முடிந்த பிறகுதான் ரயிலேறுகிறார்கள். பேசியது செல்பேசியில், பணம் வாங்கியது ஊரில். சேலத்தில் இறங்கும்போது கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சட்டத்தின் கண்ணிலும் இந்த ஜோடி படுவதில்லை. 1979இன் சட்டம் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வெளிமாநிலத் தொழிலாளர் இருக்கும் இடத்துக்கே பொருந்தியது. அதை விழுங்கிக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்தவரையும் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்கிறது, அது முன்னேற்றம். ஆனால் வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. இரண்டு செட்டு, இரண்டு ஜோடி என்று நடக்கும் பண்ணை இரண்டுக்கும் வெளியேதான் நிற்கிறது. பயணப்படி, பதிவேடு, பரிசோதகர் எதுவும் அங்கே வர வேண்டிய அவசியமில்லை. ஜோடியை அலகாக வைத்து ஆள் எடுக்கும் பொருளாதாரத்தைத் தலை எண்ணும் சட்டத்தால் பிடிக்க முடியவில்லை. மகாராஷ்டிரக் கரும்பு வயல்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', ஓர் அரிவாள். முன்பணம் அரிவாளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. மனைவியின் கூலி தனியாக எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இங்கே அப்படி ஒரு பெயர்கூட வைக்காமல் அதே கணக்கு நடக்கிறது.

இந்தச் சக்கரத்தில் இருந்து வெளியேறுகிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். மூன்றாம் நான்காம் முறை வருகிறவனுக்குத் தமிழ் வந்துவிடுகிறது. எந்தப் பண்ணையில் சம்பளம் ஒழுங்கு, எங்கே தண்ணீர் உப்பு என்பதெல்லாம் அத்துபடி. 'இன்னும் ரெண்டு ஜோடி கூட்டிட்டு வர்றியா?' என்று முதலாளி கேட்கிறார். கூட்டி வந்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. ஓடிவிட்டால் இவன் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வாளர் ஜான் பிரெமன் தெற்கு குஜராத்தில் பல பத்தாண்டுகளாகக் கவனித்த, ஆள் பிடிக்கும் முகாதம்களும், இலங்கைத் தோட்டத்துச் சில்லறைக் கங்காணிகளும் இப்படித்தான் உருவானார்கள்: வெளியில் இருந்து வந்த தரகர்களாக அல்ல, அதே கூட்டத்தில் மூட்டை சுமந்தவர்களாக. காங்கிரீட் வீடும் பைக்கும் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அவனுக்குத்தான். அடுத்த நுவாக்காய்க்கு அவன் திட்லாகட்டில் இறங்கும்போது பையில் இருப்பது முதலாளியின் பணம். யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டியதில்லை. அவனுடைய மகாபிரசாத் வீட்டில் இருந்து தொடங்குவான்.